நெடுங்காலம் என்னும் சாட்சி

ஒரு மூலிகை மருந்தின் பாதுகாப்பைப் பற்றி யாராவது ஐயம் எழுப்பினால் நாம் வழக்கமாகக் கொடுக்கும் பதில் ஒன்றுண்டு. “இது நேற்று வந்த மருந்தா? எத்தனை தலைமுறை குடித்து வந்திருக்கிறது. கூடாதென்றால் இவ்வளவு காலமும் தெரிய வந்திருக்காதா?” இந்தப் பதிலில் நியாயம் இல்லாமலில்லை. பலர் நடந்து பழகிய பாதையில் பாம்புப் புற்று இருந்திருந்தால் எவராவது கடிபட்டிருப்பார். சங்கதி ஊரெல்லாம் பரவியிருக்கும். ஆகவே நீண்ட காலப் பாவனை ஒரு சாட்சி என்பதை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் எந்தச் சாட்சியிடமும் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, அவர் நின்ற இடத்திலிருந்து அவருக்கு என்ன தெரிந்தது என்பதாகும். நெடுங்காலம் என்னும் இந்தச் சாட்சிக்கு எது தெரியும், எது தெரியாது? அது தெரியாமல் போனவற்றுக்கு யார் பொறுப்பு? சீன மருத்துவத்தின் அனுபவத்தை முன்வைத்து இக்கேள்விகளைச் சிந்திக்க விரும்புகிறேன்.

சீனத்தைத் தெரிவு செய்யக் காரணமுண்டு. உலகின் மிகப் பழைய மருத்துவ மரபுகளுள் அதுவும் ஒன்று. தன் அறிவை ஏராளமாக எழுத்தில் பதிந்து வைத்த மரபும்கூட. அதன் வெற்றியும் தோல்வியும் ஏட்டில் இருக்கின்றன.

முதலில் அந்த மரபுக்குரிய மரியாதையைக் கொடுத்துவிட வேண்டும். மூலிகை என்றால் தீங்கற்றது என்று சீனத்து முன்னோர்கள் ஒருபோதும் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது இக்காலத்து விளம்பரங்கள்தான். மருத்துவத்தின் தந்தையாக அவர்கள் கருதும் ஷென்னொங் பற்றிய பழங்கதையில், அவர் மூலிகைகளைத் தாமே சுவைத்துப் பார்த்தார். ஒரே நாளில் எழுபது நஞ்சுகளைச் சந்தித்தார். கடைசியில் குடலை அறுக்கும் ஒரு செடியைத் தின்றே இறந்தார் என்றும் மக்கள் கதை சொல்வார்கள். மருந்தறிவின் முதல் ஆசானையே நஞ்சுக்குப் பலி கொடுத்த கதையை உண்டாக்கிய மக்கள், செடிகொடிகளின் மேல் குருட்டு நம்பிக்கை வைத்திருந்தார்கள் என்று சொல்ல முடியாது. ‘து’ என்ற அவர்களது சொல் நஞ்சையும் குறிக்கும், மருந்தின் வீரியத்தையும் குறிக்கும். ஷென்னொங்கின் பெயரால் வழங்கும் மிகப் பழைய மருந்து நூல் 365 பொருட்களை மூன்று தரங்களாக வகுத்தது. நீண்ட நாள் உண்டாலும் தீங்கு செய்யாதவை மேல்தரம். நஞ்சுள்ளவை, நோய் தீர்ந்ததும் நிறுத்த வேண்டியவை கீழ்த்தரம்.

இந்த வகுப்பை அவர்கள் எவ்வளவு திறமையாகச் செய்தார்கள் என்பதற்கு ‘பூஸி’ நல்ல உதாரணம். நமது நாட்டு வைத்தியத்தில் வச்சநாபி என்று வழங்கும் கிழங்கின் இனத்தைச் சேர்ந்தது அது. அதிலுள்ள அக்கோனிட்டின் என்ற நஞ்சு இரண்டு மில்லிகிராம் அளவிலேயே ஓர் ஆளைக் கொல்லக்கூடியது. வாயும் நாக்கும் விறைக்கும், கைகால் மரத்துப்போகும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். இவையெல்லாம் சில நிமிடங்களில் தொடங்கிவிடும், மிஞ்சினால் ஓரிரு மணித்தியாலம். சீன வைத்தியர்கள் இந்தக் கிழங்கை ஊறவைத்து, பதப்படுத்தி, நீண்ட நேரம் அவித்தே கொடுத்தார்கள். நீண்ட நேரம் கொதிக்கும்போது அக்கோனிட்டின் சிதைந்து நஞ்சு குறைந்த வேறு பொருளாக மாறுகிறது என்று இன்றைய இரசாயனம் சொல்கிறது. இரசாயனத்தின் பெயரே தெரியாத காலத்தில், பட்டுப்பட்டு அந்த முடிவுக்கு அவர்கள் வந்திருக்கிறார்கள். இன்றும் அவிக்கும் நேரம் குறைந்தாலோ அளவு கூடினாலோ மரணங்கள் நேர்கின்றன. ஹொங்கொங் 1999இல் இயற்றிய சீன மருத்துவச் சட்டம், பதப்படுத்தாத இக்கிழங்குகள் உட்பட 31 பொருட்களை நஞ்சுப் பட்டியலில் சேர்த்துத் தனிக் கட்டுப்பாட்டுக்குள் வைத்தது. அந்தப் பட்டியலின் அடிப்படை எச்சரிக்கை பழைய நூல்களிலேயே இருந்தது.

ஆனால் அதே பழைய நூலின் மேல்தரப் பட்டியலைத் திறந்தால் முதலில் நிற்கும் பொருள் என்ன தெரியுமா? சாதிலிங்கம். பாதரசமும் கந்தகமும் சேர்ந்த சிவப்புக் கல். நீண்ட நாள் உண்ணலாம், ஆயுள் கூடும் என்று நம்பப்பட்ட பொருள். சாகாவரம் வேண்டிப் பாதரசமும் பிறவும் கலந்த குளிகைகளை உண்ட தாங் வம்சத்துப் பேரரசர்கள் பலர் அதனாலேயே உடல்நலம் கெட்டு மாண்டதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். வச்சநாபியின் நஞ்சைக் கண்டுபிடித்து அடக்கத் தெரிந்த மரபு பாதரசத்தை எப்படித் தவறவிட்டது?

பதில் எளியது. வச்சநாபி உடனே கொல்லும். குடித்த கோப்பை காய்வதற்குள் குடித்தவன் விழுந்துவிடுவான். காரணமும் காரியமும் ஒரே அறைக்குள் நடக்கின்றன. பாதரசம் மெதுவாகக் கொல்லும். இன்று உண்டவனுக்கு இன்னும் சில ஆண்டுகளில் கை நடுங்கும், புத்தி தடுமாறும். அதற்கிடையில் அவன் எத்தனையோ உணவை உண்டிருப்பான், எத்தனையோ மருந்தைக் குடித்திருப்பான். எதன்மேல் பழியைப் போடுவது? அனுபவம் என்னும் சாட்சிக்குக் கிட்டப் பார்வை நன்றாக உண்டு. தூரப் பார்வை இல்லை.

இந்தக் குறை பழங்காலத்தோடு போய்விட்டது என்று நினைப்பவர்கள் பெல்ஜியத்தில் நடந்ததை அறிந்திருக்க வேண்டும். பிரசெல்ஸ் நகரில் உடல் மெலிவதற்கான சிகிச்சை நிலையம் ஒன்று இருந்தது. 1990ஆம் ஆண்டில் அங்கு கொடுத்துவந்த குளிசைகளில் சீன மூலிகைத் தூள் சிலவற்றைப் புதிதாகச் சேர்த்தார்கள். இரண்டு வருடங்களில் இளவயதுப் பெண்கள் சிறுநீரகம் செயலிழந்து வைத்தியசாலைக்கு வரத் தொடங்கினார்கள். பேராசிரியர் வான்ஹெர்வெகெமும் அவரது குழுவினரும் நோயாளிகளை விசாரித்துப் பார்த்தபோது, எல்லோரும் அதே நிலையத்தில் சிகிச்சை பெற்றவர்கள் என்பது தெரிந்தது. 1993இல் ஐம்பது வயதுக்குட்பட்ட ஒன்பது பெண்களைப் பற்றிய முதலாவது கட்டுரை வெளியானது. பிறகு எண்ணிக்கை நூறளவுக்குப் போனது. பலருக்கு இரத்தச் சுத்திகரிப்போ மாற்றுச் சிறுநீரகமோ தேவைப்பட்டது.

விசாரணையில் வெளிப்பட்டது ஒரு பெயர்க் குழப்பம். சீனத்தில் ‘பாங்ஜி’ என்ற ஒரே பெயரால் வெவ்வேறு கொடிகள் வழங்கின. சிகிச்சை நிலையம் கேட்டது ‘ஹான் பாங்ஜி’. வந்து சேர்ந்தது ‘குவாங் பாங்ஜி’. இரண்டாவது கொடி அரிஸ்டொலோக்கியா என்னும் இனத்தைச் சேர்ந்தது. அந்த இனத்தின் அரிஸ்டொலோக்கிக் அமிலம் சிறுநீரகத் திசுக்களைத் தழும்பேறச் செய்து சுருக்கிவிடும். அத்துடனும் அது விடுவதில்லை. சிறுநீரகம் முற்றாகச் செயலிழந்த 39 பேர், முன்னெச்சரிக்கையாகத் தமது பழுதடைந்த சிறுநீரகங்களையும் சிறுநீர்க் குழாய்களையும் அகற்றச் சம்மதித்தார்கள். அவர்களில் 18 பேரிடம் புற்றுநோய் ஏற்கனவே தோன்றியிருந்ததை 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது. குளிசையை நிறுத்திப் பல வருடங்களுக்குப் பிறகும் அது உள்ளே வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது.

சீன மருத்துவத்தின் ஆதரவாளர்கள் அப்போது சொன்ன மறுப்பு ஒன்றுண்டு. “இது எங்கள் மருத்துவமே அல்ல. எங்கள் நூல்களில் மெலிவதற்காக இந்தக் கொடியைக் கொடுக்கச் சொல்லவில்லை. மேனாட்டு வைத்தியர்கள் மேனாட்டுப் பசியடக்கி மருந்துகளோடு கலந்து கொடுத்தார்கள். கொடியும் மாறிப்போனது. எங்கள்மேல் என்ன பிழை?” இந்த மறுப்பில் பாதி உண்மை. மரபைத் தெரியாமல் அதன் பொருளை மட்டும் எடுத்து வியாபாரம் செய்தவர்களே பெல்ஜியத்துக் கேட்டுக்கு நேரடிக் காரணர்கள். ஆனால் மற்றப் பாதி சீனத்திலேயே இருந்தது.

‘மு தொங்’ என்ற மருந்து பழைய நூல்களில் வேறொரு கொடியைக் குறித்தது. காலப்போக்கில் வடகிழக்குச் சீனத்தில் தாராளமாகக் கிடைத்த அரிஸ்டொலோக்கியா இனக் கொடியொன்று ‘குவான் மு தொங்’ என்ற பெயரில் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. பெயர் பழசு, பண்டம் புதிது. பழைய பெயர் ஈட்டியிருந்த நம்பிக்கையைப் புதிய பண்டம் அனுபவித்தது. 1964ஆம் ஆண்டிலேயே, ‘மு தொங்’ கசாயத்தைக் கூடிய அளவில் குடித்த இருவரின் சிறுநீரகம் செயலிழந்ததாகச் சீன மருத்துவச் சஞ்சிகை ஒன்றில் அந்நாட்டு வைத்தியர் ஒருவர் எழுதினார். அந்தக் குரலை எவரும் பெரிதாக எடுக்கவில்லை. குவான் மு தொங் சேர்ந்த குளிகைகளை மக்கள் உடற்சூட்டைத் தணிக்கவென்று சர்வசாதாரணமாக வாங்கி விழுங்கி வந்தார்கள். சீன அரசு அதைத் தடை செய்தது 2003இல். முதல் எச்சரிக்கைக்கும் தடைக்கும் இடையில் முப்பத்தொன்பது வருடங்கள்! அடுத்த வருடம் குவாங் பாங்ஜியும் அதே இனத்தைச் சேர்ந்த இன்னொன்றும் நீக்கப்பட்டன. எஞ்சியிருந்த இரண்டு 2020ஆம் ஆண்டின் அரச மருந்து நூலில்தான் கைவிடப்பட்டன.

தாய்வானின் நிலை இன்னும் சிந்திக்க வைப்பது. அங்கே சீன வைத்தியமும் தேசிய சுகாதாரக் காப்புறுதிக்குள் அடங்குவதால், எந்த வைத்தியர் யாருக்கு எதைக் கொடுத்தார் என்ற பதிவு இருக்கிறது. அந்தப் பதிவுகளை ஆராய்ந்தபோது, 1997 முதல் 2003 வரையான காலத்தில் சனத்தொகையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு இந்த அமிலம் கொண்டதாகக் கருதப்படும் மருந்து கொடுக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. மேற்சிறுநீர்ப் பாதையில் வரும் புற்றுநோய் உலகிலேயே மிக அதிகமாகக் காணப்படும் இடங்களில் ஒன்றாகத் தாய்வான் ஏன் இருக்கிறது என்ற புதிருக்கு விடை கிடைக்கத் தொடங்கியது அப்போதுதான். அரிஸ்டொலோக்கிக் அமிலம் மரபணுவில் குறிப்பிட்ட ஒருவகை மாற்றத்தைக் கைரேகைபோல் விட்டுச்செல்லும். அந்த ரேகை தாய்வான் நோயாளிகளின் கட்டிகளில் இருந்தது. டான்யூப் நதியின் கிளைகளை அண்டிய பால்கன் கிராமங்களிலும் அதே ரேகை இருந்தது. அந்தக் கிராமத்தவர்கள் எந்தச் சீன மருந்தையும் தொட்டவர்களல்லர். அவர்களது கோதுமை வயல்களில் களையாக வளர்ந்த அரிஸ்டொலோக்கியாவின் விதை மாவோடு கலந்து ரொட்டியில் சேர்ந்திருக்கிறது. தலைமுறை தலைமுறையாக அங்கே சிறுநீரகங்கள் சுருங்கின. ஊரின் சாபம், தண்ணீரின் குற்றம் என்று எதையெதையோ சொன்னார்கள். ரொட்டியை எவரும் சந்தேகிக்கவில்லை. அன்றாடம் உண்ணும் ரொட்டியை யார் சந்தேகிப்பார்?

பத்தாம் வகுப்பு விஞ்ஞான பாடத்தில் நஞ்சுகளைப் பற்றிப் பேசும்போது இதனை நான் பிள்ளைகளுக்குச் சொல்வதுண்டு. ஒருமுறை பின்வாங்கிலிருந்த மாணவனொருவன் கேட்டான்: “சேர், பாம்பு கடிச்சா ஒடனே தெரியும். இருவது வருஷம் கழிச்சிக் கொல்லுற நஞ்ச ஆரு சேர் கண்டுபுடிக்கிற?” நல்ல கேள்வி. அன்று நான் மேசையிலிருந்த வரவு இடாப்பைத் தூக்கிக் காட்டினேன். இடாப்பில் வந்த பிள்ளைக்கும் குறியுண்டு, வராத பிள்ளைக்கும் குறியுண்டு. வராதவர்களுக்கு நாம் குறியிடாவிட்டால், வந்திருப்பவர்களை மட்டும் பார்த்து ‘எல்லோரும் வந்துவிட்டார்கள்’ என்றுதான் நினைப்போம். அனுபவம் வைத்திருக்கும் இடாப்பு அப்படிப்பட்டது. மருந்தைக் குடித்துச் சுகமானவர் ஊர் முழுக்கச் சொல்வார். சுகமாகாதவர் வேறு வைத்தியரிடம் போய்விடுவார். இருபது வருடம் கழித்து நோய்ப்பட்டவருக்குக் குடித்த கசாயத்தின் ஞாபகமே இருக்காது. மௌத்தானவர் வந்து சாட்சி சொல்லப் போவதில்லை. எனவே ‘ஆயிரம் வருட அனுபவம்’ என்று நாம் பெருமையோடு சொல்வது, வராதவர்களுக்குக் குறியிடாத ஆயிரம் வருட இடாப்பு. பிரசெல்ஸ் வைத்தியர்களும் தாய்வான் ஆய்வாளர்களும் செய்ததெல்லாம் வராதவர்களைத் தேடிப் பெயர் எழுதியதுதான்.

இனிப் பொறுப்பைப் பற்றிய கேள்வி. இருநூறு வருடங்களுக்கு முன் அரிஸ்டொலோக்கியா சேர்த்துக் கசாயம் கொடுத்த சீன வைத்தியரைக் குற்றவாளி என்று சொல்வோமா? நான் சொல்லமாட்டேன். அவருக்குத் தெரிய வழியில்லை. நல்லெண்ணத்தோடு, தன் ஆசான் சொன்னபடி செய்தார். அறியாமை அவரது விதி. ஆனால் 1964க்குப் பிறகு, அல்லது குறைந்தது 1993க்குப் பிறகு, அதே கசாயத்தைக் கொடுத்தவரின் நிலை வேறு. அவருக்கு அறிய வழியிருந்தது. விசாரித்துப் பார்க்கவில்லை. ‘எங்கள் முன்னோர்கள் கொடுத்தார்கள்’ என்று சொல்லி நின்றுகொண்டார். அவரது அறியாமை அவர் தெரிவு செய்த அறியாமை. மூன்றாவது வகையினர், தெரிந்துகொண்டே இருப்பில் கிடக்கும் சரக்கை விற்றுத் தீர்த்தவர்கள். அவர்களைப் பற்றிச் சர்ச்சையில்லை. ஒழுக்கவியலின் கடினமான கேள்வி நடுவில் நிற்பவரைப் பற்றியது. அவர் கெட்டவரல்லர். பணத்தாசைக்காரராகவும் இல்லாமலிருக்கலாம். ஆனால் நோயாளி தன் உடம்பை அவரிடம் அமானிதமாக ஒப்படைத்திருக்கிறார். அமானிதத்தை ஏற்றவருக்கு, ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லும் உரிமை தேடிப் பார்த்த பிறகே வருகிறது.

இதைப் படிக்கும் சிலர், ஆங்கில மருத்துவம் மட்டும் சுத்தமா என்று கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். 1957இல் ஜேர்மனியில் விற்பனைக்கு வந்த தலிடோமைட் என்ற மருந்து, கர்ப்பிணிகள் உண்டதால் பல நாடுகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகளைக் கைகால் குறைந்தவர்களாகப் பிறக்கச் செய்தது. அதைத் தயாரித்தது ஆய்வுகூடம். விற்றது நவீன கம்பனி. ஆனால் கவனிக்க வேண்டிய வித்தியாசம் ஒன்றுண்டு. 1961இல் அந்த மருந்து ஜேர்மனியில் திரும்பப் பெறப்பட்டது. அந்த அழிவிலிருந்து, புதிய மருந்தொன்றைச் சோதிக்காமல் விற்கக்கூடாது, விற்ற பிறகும் தீங்குகளைப் பதிந்து வரவேண்டும் என்ற சட்டங்கள் பல நாடுகளில் பிறந்தன. நாலு வருடத்தில் பிழை தெரிந்ததற்கு நவீனர்களின் நல்லொழுக்கம் காரணமல்ல. குழந்தையின் உடம்பில் அது கண்ணுக்குத் தெரிந்தது, கணக்கெடுக்கவும் ஆட்கள் இருந்தார்கள். ஆகவே இதைக் கிழக்கு மேற்கு என்ற சண்டையாகப் பார்ப்பதில் பயனில்லை. எந்த மருத்துவத்திடமும் கேட்கவேண்டியது, தன்னால் கெட்டவர்களின் கணக்கை அது வைத்திருக்கிறதா என்பதையே.

இப்படியெல்லாம் கேட்டால் மரபு அழிந்துவிடும் என்ற அச்சம் சிலருக்கு உண்டு. சீனத்தின் அனுபவம் அதற்கு மாறான பாடத்தையும் தருகிறது. லி ஷிஜென் என்ற பதினாறாம் நூற்றாண்டு வைத்தியர், ஏறக்குறைய இருபத்தேழு வருடங்கள் உழைத்து 1,892 மருந்துப் பொருட்களைப் பற்றிய பெருநூலை 1578இல் முடித்தார். முந்தைய நூல்களில் மலிந்திருந்த பிழைகளைத் திருத்துவதே அவரது நோக்கங்களில் முக்கியமானது. பாதரசத்தை உண்டால் நீடூழி வாழலாம் என்ற பழைய கூற்றை அவர் வெளிப்படையாகக் கண்டித்தார். முன்னோர்களைத் திருத்தியதால் அவர் மரபுக்கு வெளியே தள்ளப்படவில்லை. அதன் தலைமகனாகப் போற்றப்படுகிறார்.

நம் காலத்தில் து யூயூ அம்மையார். மலேரியாவுக்கு மருந்து தேடிய அவர், நான்காம் நூற்றாண்டில் கெ ஹொங் எழுதிய வைத்தியக் கைநூலில் ஒரு குறிப்பைக் கண்டார். ‘சிங்ஹாவோ’ என்ற செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கும்படி அதில் இருந்தது. அவிக்கச் சொல்லவில்லை. சூடு மருந்தைக் கெடுக்கிறதோ என்று அவர் எண்ணி, 1971இல் குறைந்த வெப்பத்தில் அதன் சாரத்தைப் பிரித்தெடுத்தார். அடுத்த வருடம் நோயாளிகளுக்குக் கொடுக்குமுன், அதன் பாதுகாப்பைச் சோதிக்கத் தாமும் சகாக்கள் இருவருமாக முதலில் உட்கொண்டார்கள். 2015இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. பழைய நூலை ஒரு சொல்லும் விடாமல் கவனமாகப் படித்தவர் அவர். படித்ததை அப்படியே நம்பிவிடாமல் சோதித்தவரும் அவர்தான். மரபுக்கு விசுவாசம் என்பது இதுவென்றே நான் கருதுகிறேன்.

இது தூரதேசத்துக் கதை என்று நாம் புத்தகத்தை மூடிவிட முடியாது. அரிஸ்டொலோக்கியா இனம் நம் வேலிகளிலும் படர்கிறது. தமிழில் ஈச்சுரமூலி, பெருமருந்து என்றும் சிங்களத்தில் சப்சந்த என்றும் வழங்கும் கொடி அந்த இனத்ததே. அதிலும் அதே அமிலம் உண்டு. அவித்தாலும் இந்த நஞ்சு முற்றாக நீங்கிவிடாது. அந்த இனத்தின் மூலிகை மருந்துகள் மனிதரில் புற்றுநோயை உண்டாக்குபவை என்று புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகவரகம் 2002இலேயே வகைப்படுத்திவிட்டது. வடமத்திய மாகாணத்துச் சிறுநீரக நோயை இந்தக் கொடியின் தலையில் கட்டிவிட நான் முனையவில்லை. அந்நோய்க்குப் பல காரணங்கள் ஆராயப்படுகின்றன. முடிவு இன்னும் வரவில்லை. நான் கேட்பது அதைவிடச் சிறியது. காய்ச்சலுக்கும் விஷக்கடிக்கும் வேர் இடித்துக் கொடுக்கும் நம்மூர்ப் பரிசாரியார், கொடுத்த மூலிகையின் பெயரையும் அளவையும் நோயாளியின் பெயரையும் ஒரு கொப்பியில் எழுதி வைக்கட்டும். ஐந்து வருடம் கழித்து அந்த நோயாளி எப்படி இருக்கிறார் என்று ஒருமுறை விசாரிக்கட்டும். நாமும் வைத்தியரிடம் குடிக்கப்போகும் பொருளின் பெயரைக் கேட்போம். கேட்பது அவமரியாதை என்ற கூச்சத்தை விட்டுவிடுவோம். நமக்கு வேறு சிகிச்சை நடக்கும்போது டொக்டரிடம் அந்தப் பெயரை மறைக்காமல் சொல்லுவோம்.

முன்னோர்கள் நமக்கு விட்டுச்சென்றவை அவர்கள் கண்டவை. காணாதவற்றை அவர்களால் விட்டுச்செல்ல முடியாது. அவர்களின் கண்ணுக்கு எட்டாமல் போனதை அவர்களது உறுதிமொழியாக மாற்றி, அவர்கள் சொல்லாத சாட்சியை அவர்கள் வாயில் வைப்பது நாம்தான். கண்டதைப் பேணுவதும் காணாததைத் தேடுவதும் பின்வந்தவர்களின் கடமை. அந்தக் கடமையைச் செய்யாமல் ‘ஆயிரம் வருடம்’ என்று சொல்பவர், அந்த ஆயிரம் வருடத்தில் தம் பங்குக்குரிய வருடங்களை எழுதாமலே விட்டுவிடுகிறார்.